இரவு ஒன்பதரை மணிக்கு ஹார்னெட்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஜாய்ஸ்டிக் வாங்குவது பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நானும் பல வருடமாகப் போர் விமான சிமுலேட்டர் (நிஜ விமானம் போலவே கணினியில் பறக்கிற விளையாட்டு) ஓட்டுகிறவன்தான் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை நம்ம சேலத்திலிருந்தும் ஏற்காட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தவை. ஆசை இருக்கிறது, கணினியில் ஓட்டுகிற விமானமும் வாங்கியாயிற்று, உட்கார நேரம் இல்லை என்பதைத்தான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 38. இரண்டு வருடத்துக்கு முன் தள்ளுபடியில் டிசிஎஸ் சிமுலேட்டருக்கான எஃப்/ஏ-18சி ஹார்னெட் விமானத்தை வாங்கினேன். பட்டறையை அடைத்து, சாப்பிட்டு, பெண்ணைத் தூங்க வைத்துவிட்டுக் கணினி முன் உட்காரும்போது மணி ஒன்பதரை. பத்தேகாலுக்கு மேல் கண் சொருகிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கே இருபது நிமிடம் போகிறது. அடுத்த வாரம் உட்கார்ந்தால் எல்லாம் மறந்து மறுபடி முதலிலிருந்து. இதுவரை ஒரு ஏவுகணைகூட விட்டதில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். முக்கால் மணி நேரம் இதற்குத் தாராளம், நீங்கள் ஆரம்பிக்கிற இடம்தான் தப்பு.

பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டிசிஎஸ் மாதிரியான சிமுலேட்டரில் ஹார்னெட் போன்ற விமானத்தின் காக்பிட்டில் இருக்கிற கிட்டத்தட்ட ஒவ்வொரு சுவிட்சும் நிஜத்தில் செய்கிற வேலையைச் செய்யும். பேட்டரியைப் போட்டு, ஏபியு என்கிற சின்ன எஞ்சினை ஓடவிட்டு, அதன் காற்றில் வலது எஞ்சினைச் சுழற்றி, பிறகு இடது எஞ்சின், பிறகு திசை காட்டும் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ள நாலைந்து நிமிடம் காத்திருப்பு என்று போகும். அது ஒரு தனி சுகம், நான் மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிற மனிதர் கற்றுக்கொள்ள வேண்டிய கடைசிப் பாடம் அது. பயிற்சிப் பட்டியலில் அது முதலில் இருப்பதால் எல்லோரும் அங்கேயே ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற பையனிடம் முதல் நாளே முழுக் கொலுசையும் கொடுத்து முடித்துவா என்று சொல்வீர்களா? கம்பியை வளைக்கச் சொல்வீர்கள், மாதக்கணக்கில் அதையே செய்வான், கை பழகின பிறகுதான் பற்ற வைக்கிற பக்கமே விடுவீர்கள். அதே கணக்குத்தான் இங்கேயும்.

டிசிஎஸ்-ல் நமக்கு வேண்டிய பயிற்சியை நாமே அமைத்துக்கொள்ள மிஷன் எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவழித்துப் பழகிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கிற நேரம் இரட்டிப்பாகிவிடும். விமானம் வானத்தில், பகல் வெளிச்சம், காற்று இல்லை, எதிரே திருப்பிச் சுடாத ஒரு சரக்கு விமானம், இறக்கையில் இரண்டு சைட்விண்டர் ஏவுகணை. இப்படி ஒரு சின்ன மிஷன் செய்து வைத்துக்கொண்டால், உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் நீங்கள் வேலையில் இருப்பீர்கள். ஆயுதங்களை இயங்கவிடுகிற மாஸ்டர் ஆர்ம் சுவிட்சைப் போடுவது, ஸ்டிக்கில் இருக்கிற ஆயுதத் தேர்வுப் பொத்தானைக் கீழே அழுத்தி சைட்விண்டரை எடுப்பது, ஏவுகணை இலக்கின் வெப்பத்தைப் பிடித்ததும் காதில் அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்பது, விடுவது. இவ்வளவுதான் முதல் வாரம். உட்காருகிற நாளெல்லாம் இதையே செய்யுங்கள். அடுத்த வாரம் ரேடார். அதற்கடுத்த வாரம் சும்மா மேகத்துக்கு நடுவில் சுற்றிவிட்டு வந்தால்கூடத் தப்பில்லை.

மறப்பது பற்றி. வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட வாரம் நாலு நாள் அரை மணி நேரம் உட்காருவது மேல். பாடத்தை ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கும் என்பதை எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிவைத்தார். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: அடுத்த முறை உட்கார்ந்ததும் முதலில் எதைச் செய்யப் போகிறேன் என்பது மட்டும். எனக்கு இந்த வரிதான் வருடக்கணக்கில் கைகொடுத்திருக்கிறது. ஒன்பதரைக்குக் களைத்துப்போய் உட்காருகிற மூளைக்கு எதைச் செய்யலாம் என்று முடிவெடுக்கிற தெம்பு இருக்காது, முடிவு நேற்றே எடுத்தாயிற்று என்றால் கை தானாகப் போகும்.

இன்னொன்று, கணினியே இல்லாமல் பறப்பது. நிஜ விமானிகள் செய்கிற பயிற்சிதான் இது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காக்பிட் முன்னால் இருப்பதாக நினைத்து, கையை அந்தந்த சுவிட்ச் இருக்கிற திசைக்குக் கொண்டுபோய், செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே முழு நடைமுறையையும் ஓட்டிப் பார்ப்பார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் செய்யுங்கள். அந்த எஞ்சின் ஸ்டார்ட்கூட இப்படித்தான் எனக்கு மனப்பாடமானது, ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

கேள்வி: ஆட்டோ ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்புவது ஏமாற்று வேலையா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: இல்லை. வலது விண்டோஸ் விசையையும் ஹோம் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், விமானம் தானாக எழுந்திருக்கும், அந்த நேரத்தில் வரைபடத்தைப் படியுங்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொழுது அது. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஓமலூர் பக்கத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எஃப்-16, எஃப்-14, அபாச்சி ஹெலிகாப்டர் மூன்றும் வேண்டும். எதை முதலில் வாங்குவது?

பதில்: தம்பி, முதலில் எதையும் வாங்காதே. டிசிஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதோடு சு-25டி என்கிற ரஷ்யத் தாக்குதல் விமானமும், டிஎஃப்-51 என்கிற இரண்டாம் உலகப்போர்க் காலத்து மஸ்டாங் பயிற்சி விமானமும், காகசஸ், மரியானா என்று இரண்டு நிலப்பரப்பும் காசில்லாமல் வரும். சு-25டி-யில் காக்பிட் சுவிட்சுகளைத் தொட முடியாது, எல்லாம் விசைப்பலகையில்தான், ஆனால் குண்டு போடவும் ஏவுகணை விடவும் அதில் நன்றாகப் பழகலாம். மஸ்டாங்கில் ஆயுதமே கிடையாது, சுவிட்சு எல்லாம் உண்டு, அந்தப் பெரிய ப்ரொப்பெல்லர் டேக்ஆஃப் நேரத்தில் மூக்கை இடது பக்கம் இழுக்கும், வலது ரடரால், அதாவது வலது கால் மிதியால், பிடிக்க வேண்டும். அதை ஒரு மாதம் நேராக ஓடவிடப் பழகினால், விமானம் என்றால் என்ன என்று உன் கைக்கே புரிந்துவிடும்.

பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பொழுதுபோக்குக்காகவே சொன்னது போல இருக்கும். தள்ளுபடி நேரத்தில் ஐந்தாறு விமானம் வாங்கிக் குவித்துவிட்டு ஒன்றையும் ஒழுங்காக இறக்கத் தெரியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு விமானத்தை ஒரு வருடம் வைத்துக்கொள். ரேடார் பொத்தான் எங்கே என்று யோசிக்காமல் விரல் போகிற நிலைமை வரும்வரை அடுத்ததைத் தொடாதே. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், தயாரிப்பாளர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய பதிப்பில் விமானங்களைப் பதினாலு நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். செமஸ்டர் விடுமுறை தொடங்குகிற அன்றைக்கு அதை ஆரம்பி, தேர்வுக்கு முந்தின வாரம் அல்ல.

என்னைக் கேட்டால் எஃப்-16. ஒரே எஞ்சின், ஒரே ஆள், வானத்துக்கும் தரைக்கும் இரண்டுக்கும் ஆகும். எஃப்-14-ல் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ரேடாரைப் பார்க்க வேண்டும், அந்த ஆளின் இடத்தைக் கணினி நிரப்பும் என்றாலும் அவரை வேலை வாங்கவே தனியாகப் பழக வேண்டும். ஹெலிகாப்டர் என்பது வேறு உலகம், இறக்கை விமானத்தில் கற்ற பாதிப் பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கும்.

மிச்சப் பணம் ஜாய்ஸ்டிக்குக்கு. எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் தனியாக இருக்கிற, அடிப்படையான ஒன்று போதும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிற ஹெட் டிராக்கிங்குக்கு வெப் கேமராவும் ஓப்பன்டிராக் என்கிற இலவச மென்பொருளும் போதும். எதிரி விமானம் தலைக்கு மேல் எங்கே போனது என்று பார்க்க முடியாமல் சண்டை போட முடியாது, அதனால் இதை ஆடம்பரம் என்று நினைக்காதே. மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும், 32 இருந்தால் நிம்மதி, எஸ்எஸ்டி கட்டாயம்.

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக் கதவைச் சாத்தினால் இருட்டின பிறகுதான் வெளியே வருகிறார். கூப்பிட்டால் "இப்ப வர முடியாது, லேண்ட் பண்ணணும்" என்கிறார். விளையாட்டைப் பாதியில் நிறுத்த முடியாதா? அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு என்பதால் தடுக்கவும் மனசில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவர் சொல்வதில் பாதி உண்மை. இணையத்தில் பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து பறக்கும்போது நிறுத்த முடியாது. கிளம்பி, வானத்திலேயே எரிபொருள் நிரப்பி, இலக்குக்குப் போய்த் திரும்பி இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் எழுந்தால் கூட வந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தனியாகப் பறக்கும்போது அப்படி இல்லை, ஒரு விசையை அழுத்தினால் விமானம் அந்தரத்தில் அப்படியே நிற்கும். அவர் எதை ஓட்டுகிறார் என்று கேளுங்கள். கூட்டாகப் பறப்பது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. மற்ற நாட்களில் கதவு திறந்திருக்கட்டும், நிறுத்த முடிகிற மிஷன் மட்டும். இதை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

ஐயா, இது உங்களுக்கு. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் திருடுகிற நேரத்தில் பறந்தால் மனம் பாதி வாசல் பக்கமே இருக்கும், ரேடாரில் என்ன தெரிகிறது என்று கவனம் நிற்காது. கேட்டு வாங்கின ஒரு மணி நேரம் அந்த ஐந்து மணி நேரத்தைவிடப் பெரியது. நான் இதைச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒன்பது முதல் பத்து வரை என்று ஆகி ஆறு வருடம் ஆகிறது, அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை, பத்து அடித்தால் நானும் எழுந்துவிடுவேன்.

சகோதரி, விருப்பம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மேலே ஒரு தம்பிக்குச் சொன்னேனே, எஃப்-14-ல் பின்சீட்டுக்காரர் என்று, அந்த இடத்தில் இன்னொரு கணினியிலிருந்து நிஜ மனிதரே உட்காரலாம். ஒருவர் ஓட்ட, ஒருவர் ரேடார் பார்க்க. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படிப் பறக்கிறார்கள், அந்த அம்மா ரேடாரில் கணவரைவிடக் கெட்டிக்காரர்.

கேள்வி: இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 63. எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலக் கையேட்டைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கிறது. விரலும் முன்போல ஓடவில்லை. இந்த வயதில் இது முடியுமா?

பதில்: முடியும் ஐயா. மில்லை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வரிசை மாறாமல் செய்து பழகினவர் நீங்கள். இந்த விமானங்கள் அந்தப் பழக்கத்தைத்தான் கேட்கின்றன.

சரிபார்ப்புப் பட்டியல் விமானத்துக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ரைட் ஃபீல்ட் என்ற இடத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்கிற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் மேலே கிளம்பின சில நொடியில் விழுந்து எரிந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமல் இருக்கப் போடுகிற பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்கள் அனுபவம் மிகுந்தவர்கள், இருந்தும் மனிதனின் ஞாபகத்தில் நிற்கிற அளவைத் தாண்டி விமானம் சிக்கலாகிவிட்டிருந்தது. அதன் பிறகுதான் விமானிகளின் கையில் எழுதின பட்டியலைக் கொடுத்தார்கள். அதே வடிவமைப்பு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. ஞாபகம் இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஞாபகத்தை நம்பிப் பறக்கவே கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முறை.

கையேட்டைப் புத்தகமாகப் படிக்க வேண்டாம். இன்றைக்கு எந்த வேலையோ அந்த நாலு பக்கம் மட்டும், அதை உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். "பேட்டரி போடு, எரிபொருள் பம்ப் நாலும் போடு, பச்சை விளக்கு வரட்டும்" என்று நம் பேச்சில். எழுதும்போதே பாதி புரிந்துவிடும். நான் இந்தப் பக்கம் வந்ததே ஃபால்கன் 4.0 மூலமாகத்தான். 1998 டிசம்பரில் வெளிவந்த அந்த எஃப்-16 சிமுலேட்டருக்குக் கிட்டத்தட்ட 600 பக்கக் கையேடு, வளையக் கோப்பில் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது என்னிடம் நல்ல ஜாய்ஸ்டிக் இல்லாததால் விமானத்தை ஓட்டியதைவிடப் புத்தகத்தைப் படித்ததே அதிகம், அந்த மாதங்களையும் நான் பறந்த மாதங்களாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன். படிப்பு தனி, விளையாட்டு தனி என்று இதில் பிரிக்க முடியாது ஐயா. ரேடார் ஏன் மலைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுவதில்லை என்று யோசித்துக்கொண்டு கன்னங்குறிச்சி ரோட்டில் காலை நடை போனால் அதுவும் இதில் சேர்த்திதான்.

உங்களுக்கு ஏ-10சி விமானத்தைச் சொல்வேன். மெதுவான விமானம், தரையில் இருக்கிற இலக்கைத் தேட நிறைய நேரம் கொடுக்கும். ஆக்டிவ் பாஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, விமானம் இருந்த இடத்திலேயே நிற்கும், ஆனால் சுவிட்சுகளும் கருவிகளும் வேலை செய்துகொண்டே இருக்கும். விரல் மெதுவாகப் போனால் என்ன, வானம் காத்திருக்கும். நேரம் நிறைய இருக்கிறது என்பதற்காக மூன்று நாலு மணி நேரம் உட்கார வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணும் கழுத்தும் தாங்காது, படித்ததும் நிற்காது.

கேள்வி: அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், வங்கி வேலை. மூன்று மாதமாக ஹார்னெட்டை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கப் பார்க்கிறேன். கடலில் விழுகிறேன், இல்லையென்றால் கப்பலைத் தாண்டிப் போகிறேன். வாரத்தில் கிடைக்கிற இரண்டு மணி நேரமும் இதிலேயே போகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற ஆகப்பெரிய சந்தோஷம், கப்பல் தளத்தில் குறுக்கே கட்டியிருக்கிற கம்பிகளில் மூன்றாவதை விமானத்தின் வால் கொக்கியால் பிடித்து நிற்பது.

நீங்கள் ஒவ்வொரு முறையும் கிளம்பி, சுற்றி, இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு முயற்சிக்குக் கால் மணி நேரம் போய்விடும், இரண்டு மணி நேரத்தில் எட்டுத் தடவை. விமானம் கப்பலுக்கு மூன்று மைல் பின்னால், 800 அடி உயரத்தில், எரிபொருள் குறைவாக வைத்து வானத்திலேயே தொடங்குகிற மாதிரி ஒரு மிஷன் செய்யுங்கள். ஒரு முயற்சி மூன்று நாலு நிமிடம்தான். அரை மணி நேரத்தில் எட்டுத் தடவை கிடைத்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வாரம் கப்பலையே மறந்துவிடுங்கள். 5,000 அடிக்கு மேலே போய், சக்கரத்தை இறக்கி, இறக்கையின் பின்பக்க மடிப்பான ஃபிளாப்பை முழுக்க இறக்கி, மூக்கு காற்றை வெட்டுகிற கோணத்தை 8.1 டிகிரியில் நிறுத்தப் பழகுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்கில் நடுவில் மஞ்சள் வட்டம் எரிந்தால் சரியான வேகம், மேலே பச்சை எரிந்தால் மெதுவாகிவிட்டீர்கள், கீழே சிவப்பு எரிந்தால் வேகம் அதிகம். கை வைக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்துகிற ட்ரிம்மை வைத்து அந்த மஞ்சள் வட்டத்தை எரியவிட்டுவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள். பிறகு த்ராட்டிலை மட்டும் கூட்டிக் குறைத்து மேலேயும் கீழேயும் போங்கள். ஸ்டிக்கை இழுத்தால் விமானம் ஏறும் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்த நிலையில் உயரம் முழுக்க இடது கையில், அதாவது த்ராட்டிலில் இருக்கிறது. மூன்று மாதமாகக் கடலில் விழுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஸ்டிக்கை இழுத்து விழுகிறவர்கள்தான்.

அது கைக்கு வந்த பிறகு கப்பல். 800 அடியில் 350 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் கப்பல் உங்களுக்கு இடது பக்கம் இருக்கும்படி நேராகத் தாண்டி, இடது பக்கம் இறுக்கித் திரும்பி, வேகம் 250-க்குக் கீழே வந்ததும் சக்கரம், ஃபிளாப், கொக்கி. எதிர்த்திசையில் 600 அடி. அங்கேயே மஞ்சள் வட்டம் எரிந்தாக வேண்டும், அதை அங்கே செய்யாமல் கடைசித் திருப்பத்தில் செய்யப் பார்த்தால் நடக்காது. கப்பலின் பின்முனைக்கு நேராக வந்ததும் முப்பது டிகிரி சாய்த்து இறங்கிக்கொண்டே திரும்புங்கள்.

அஸ்தம்பட்டிக்காரர் என்பதால் ஏற்காட்டு ரோட்டில் கார் ஓட்டியிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. புதிதாக ஓட்டுகிறவர் பானெட்டுக்கு முன்னால் இருக்கிற ரோட்டையே பார்ப்பார், வண்டி அலைபாயும். பழகினவர் வளைவு முடிகிற இடத்தைப் பார்ப்பார், கை தானாக அதற்கேற்பத் திருப்பும். இங்கேயும் தளத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, இறங்குகிற பாதை வேறு கப்பலின் போக்குக்கு ஒன்பது டிகிரி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. கண் மூன்று இடத்தைச் சுற்றி வரட்டும்: உயரம் சரியா என்று காட்டுகிற, தளத்தின் இடது ஓரத்து விளக்கு, நடுக்கோடு, மஞ்சள் வட்டம். த்ராட்டிலை ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். சக்கரம் தொட்டதும் த்ராட்டிலை முழுக்க முன்னால் தள்ள வேண்டும், குறைக்கக் கூடாது. கொக்கி கம்பியைப் பிடிக்காமல் போனால் திரும்ப வானத்துக்குப் போக அந்த வேகம் வேண்டும். கப்பலைத் தாண்டிப் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள், கடற்படை விமானிகளுக்கே நடப்பதுதான்.

பிடித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். எந்தக் கம்பி என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம். மழை பிடித்தால் கரண்ட் போகும், இணையமும் தள்ளாடும். பழம் பறிக்கிற மாதங்களில் மூச்சு விட நேரமில்லை, மற்ற மாதங்களில் ராத்திரி நிறைய நேரம். எனக்கு எது சரிப்படும்?

பதில்: ஃபால்கன் பிஎம்எஸ். மேலே சொன்ன அந்த 1998 ஃபால்கனைத்தான் ஆர்வலர்கள் சேர்ந்து இன்றுவரை புதுப்பித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். மூல விளையாட்டின் உரிமம் மட்டும் வேண்டும், பழைய விளையாட்டுகள் விற்கிற தளங்களில் மலிவாகக் கிடைக்கும். இதன் சிறப்பு, கொரியாவில் நடக்கிற ஒரு முழுப் போர். நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நூற்றுக்கணக்கான விமானங்களும் படைகளும் தம் பாட்டுக்கு நகரும், நீங்கள் நேற்று உடைத்த பாலம் இன்றைக்கும் உடைந்தே இருக்கும். இணையம் வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்து, அன்றைக்கு எந்த விமானம் எங்கே போகிறதோ அதில் ஒன்றில் ஏறிக்கொள்ளலாம். நிறுத்தத்திலிருந்தா, ரன்வேயிலிருந்தா என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். போர் முனைக்குப் பக்கத்துத் தளமாகப் பாருங்கள், அரை மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம். பறந்துகொண்டிருக்கும்போது நடுவில் சேமிக்க முடியாது, அதனால் வானம் கறுத்திருக்கிற அன்றைக்கு நீளமான பயணம் வேண்டாம். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், மடிக்கணினி என்றால் ஓரளவு சமாளிக்கலாம். டிசிஎஸ்-ம் வேண்டும் என்றால் நூறு ஜிபியைத் தாண்டுகிற அந்தப் பதிவிறக்கத்தைக் கீழே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் செய்து ஒரு வெளி எஸ்எஸ்டி-யில் மேலே கொண்டுபோய்விடுங்கள்.

பறிப்பு மாதங்களில் தொடவே வேண்டாம். திரும்பி வரும்போது கை மறந்திருக்கும், முதல் வாரம் டேக்ஆஃபும் லேண்டிங்கும் மட்டும் செய்யுங்கள், ஐந்தாறு நாளில் பழையபடி வந்துவிடும். இரவு லேண்டிங் பழகுகிற நாட்களில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் போய்க் கீழே சேலம் நகரத்து விளக்குகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இருட்டில் தூரத்து வெளிச்சம் கண்ணை எப்படிக் கிட்டத்தில் இருப்பதாக நம்பவைக்கிறது என்று அங்கே தெரியும், அந்தக் கண்மயக்கம்தான் இரவில் ரன்வேயை நெருங்கும்போதும் வரும்.

கேள்வி: 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதை ஓட்டிப் பார்க்க முடியுமா? நான் புதியவள், பள்ளி ஆசிரியை, சனிக்கிழமை மட்டும்தான் நேரம். (அம்மாப்பேட்டை வாசகி)

பதில்: முடியும் டீச்சர். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்து அறுபது வருடத்துக்கு மேல் பறந்த விமானம் அது. அதில் மிக்-21பிஸ் என்ற வகை டிசிஎஸ்-ல் இருக்கிறது. ரேடாரைத் தவிர வேறு திரை இல்லை, எல்லாம் முள் காட்டுகிற கடிகாரங்கள், காக்பிட்டில் ரஷ்ய எழுத்துக்குப் பதில் ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளலாம். கணினித் திரையின் பக்கங்களைப் புரட்டுகிற வேலை இல்லாததால் சனிக்கிழமைக்காரர்களுக்கு ஒருவகையில் இதுவே சுலபம். ஆனால் இறங்கும்போது கருணை காட்டாது. சின்ன முக்கோண இறக்கை, ரன்வேயைத் தொடும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கும். எஞ்சினிலிருந்து வருகிற காற்றை ஃபிளாப் மேல் ஊதித்தான் அந்த அளவுக்காவது மெதுவாகிறது, அதனால் தொடுவதற்கு முன் த்ராட்டிலைச் சட்டென்று குறைத்தால் தூக்கு விசை போய்த் தொப்பென்று விழும். முதல் நாலு சனிக்கிழமை ஆயுதம் எதுவும் மாட்டாமல், நீளமான ரன்வேயாக எடுத்து, பின்னால் பாராசூட் விரித்து நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். ஜாய்ஸ்டிக் இன்னும் வாங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், எதைப் பார்த்து வாங்குவது என்று அடுத்த மாதம் விவரமாக எழுதுகிறேன்.